பென்னாகரம் பக்கம் மஞ்சள் தோட்டத்துத் தங்கல்: மாசியில் போங்கள்

பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு மண்பாதையில் இறங்கினால் இந்தத் தோட்டம். மஞ்சளும் புளியும்தான் இவர்களுக்குப் பிழைப்பு. தங்க வருகிறவர்களால் கிடைப்பது மேல்வரும்படி. அதனால் எந்த மாதம் போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தை கடைசியிலிருந்து பங்குனி வரை வெட்டு, வேகவைப்பு, களத்தில் காயப்போடுவது எல்லாம் பார்க்கலாம். ஆனியில் போனால் அப்போதுதான் முளைவிட்ட பயிரையும் சொட்டுநீர்க் குழாயையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். புக்கிங் வாங்கும்போது இதை அவர்களாகச் சொல்வதில்லை.

வேகவைப்பு விடிகாலையிலேயே தொடங்கிவிடும். கிழங்கு மூழ்கி மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி கொப்பரையை நிரப்பி, மஞ்சள் தழையால் மூடுகிறார்கள். அடுப்புக்கும் காய்ந்த தழைதான். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் நுரை பொங்கி, வெள்ளை ஆவியோடு வாசனை கிளம்பும். ஒரு கிழங்கை எடுத்து மொட்டைக் குச்சியால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். வேக்காடு குறைந்தால் காய்ந்தபின் நொறுங்கும். மிஞ்சினால் நிறம் கெடும். குண்டும் (தாய்க்கிழங்கு) விரலியும் (அதிலிருந்து கிளைத்த விரல் போன்ற கிழங்கு) ஒரே நேரத்தில் வேகாது, தனித்தனியாகத்தான் போட வேண்டும். இங்கே அதில் சோம்பல் படுவதில்லை.

களத்தில் கிளற நம்மையும் விடுகிறார்கள். மெல்லிசாகப் பரப்பிவிடாதீர்கள், இரண்டு மூன்று அங்குலக் கனம் இருந்தால்தான் நிறம் நிற்கும். 10 முதல் 15 நாள் வெயில் வேண்டும். வீட்டுக்கு வாங்குவதானால் ஒடித்துப் பாருங்கள்: டக்கென்று ஓசை வர வேண்டும், வளைந்தால் ஈரம். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோதான் தேறும், ரொம்பப் பேரம் பேச இடமில்லை.

புளி தட்டிக் கொட்டை எடுப்பதும் இதே பருவம்தான். அரை மணி உட்கார்ந்தால் போதும், முதுகு சொல்லிவிடும்.

சாப்பாட்டில் ராகிக் களிக்கு முழு மதிப்பெண். நொய் வெந்து தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் மாவைக் கொட்டுவதால் கட்டி தட்டவில்லை. கொள்ளுச் சாறும் கீரை மசியலும் கூட. அறை நாட்டு ஓடு. செருப்பை உதறிப் போடுங்கள், தேள் நடமாட்டம் உண்டு. கழிப்பறை தள்ளி இருக்கிறது, டார்ச் அவசியம்.

பெரிய குறை தண்ணீர். பானையில் வைப்பது போர்த் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு உப்பு அதிகமாக இருப்பதால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013 முதல் ஓடுகிறது. "காய்ச்சித்தாங்க வெச்சிருக்கோம்" என்கிறார்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் ஏறும். ஓரிரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் காசு கொடுத்துத் தங்குகிறவர்களுக்குக் காவிரிக் குழாய்த் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ வைப்பது பெரிய வேலையா?

வெள்ளை வேட்டி சட்டை வேண்டாம். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவக்கும். பயப்படாமல் அலசி வெயிலில் போடுங்கள், மங்கிவிடும்.