பட்டை வண்டு, அம்ப்ரோசியா வண்டு, நடுவுல கூன்வண்டு: யாரை எங்க வைக்கறது?

பட்டை வண்டுன்னு பொதுவா சொல்லிட்டுப் போற கூட்டத்துல சுமார் 6000 இனம் இருக்கு, ஸ்கொலிட்டினேன்னு பேரு. அதுல கணிசமான வண்டுங்க பட்டையைத் தின்கறதே கிடையாது. சிலது கட்டைக்குள்ள பூஞ்சை வளக்குது, சிலது விதைக்குள்ள குடும்பம் நடத்துது. அதனால இவங்களைப் பிரிக்க ரெண்டு விதமான அளவுகோல் ஓடிட்டு இருக்கு. ஒண்ணு வாழ்க்கை முறையை வச்சு, உள்பட்டையைத் தின்கற பட்டை வண்டா, கட்டைக்குள்ள பூஞ்சை வளத்துத் தின்கற அம்ப்ரோசியா வண்டான்னு பாக்கறது. இன்னொண்ணு வம்சாவளியை வச்சு, இது தனிக் குடும்பமா இல்ல நீட்டு மூக்கு இருக்கற கூன்வண்டுக் (வீவில்) குடும்பத்துக்குள்ள ஒரு கிளையான்னு பாக்கறது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறவங்க நிறைய, அதான் தனித்தனியா பாத்துடலாம்னு.

முதல்ல வாழ்க்கை முறை. பட்டை வண்டுக்கு ஆளா ஐப்ஸ் டைப்போகிராஃபஸை எடுத்துக்கறேன், ஐரோப்பாவுல ஸ்ப்ரூஸ்ங்கற ஊசியிலை மரத்தைக் காலி பண்றது, லின்னேயஸ் 1758லயே பேரு வச்ச பழைய ஆளு. 4லேருந்து 5.5 மில்லிமீட்டர் நீளம், றெக்கை மூடியோட பின்கோடி சரிவா வெட்டின மாதிரி இருக்கும், அந்தச் சரிவோட ஒவ்வொரு ஓரத்துலயும் நாலு பல்லு. ரிவர்ஸ்ல வந்து தூளை வெளிய தள்றதுக்கு அந்தச் சரிவு வசதி. ஆண்தான் முதல்ல பட்டையைத் துளைச்சு ஒரு சின்ன அறை போடுது, வாசனை விட்டு ஆள் சேக்குது, ஒண்ணுலேருந்து மூணு பெண்ணு வரும், ஒவ்வொருத்தியும் மரத்தோட நீளவாக்குல ஒரு சுரங்கம் தோண்டிட்டே ரெண்டு பக்கமும் குழி போட்டு முட்டை வைப்பா. புழுங்க அதுலேருந்து குறுக்குவாட்டுல தின்னுட்டே போகும், தின்னத் தின்ன உடம்பு பெருக்கும், சுரங்கமும் அகலமாகும், கடைசியில அங்கயே கூட்டுப்புழு. பட்டையை உரிச்சா இந்த வரைபடம் அப்படியே தெரியும், இனத்துக்கு இனம் டிசைன் வேற, அனுபவப்பட்ட காட்டு ஆளுங்க வண்டைப் பாக்காமலே சுரங்கத்தை வச்சு யாருன்னு சொல்லிடுவாங்க.

இங்க முக்கியமான விஷயம் சாப்பாடு. தின்கறது உள்பட்டையை, அதாவது சர்க்கரை ஓடற ஃபுளோயத்தை. நல்லா இருக்கற மரம் பிசினைப் பாய்ச்சி அவனை உள்ள விடாது, அதனால ஆயிரக்கணக்குல ஒரே நேரத்துல அடிச்சாத்தான் ஜெயிக்க முடியும், அதுக்குத்தான் அந்த வாசனை அழைப்பு. வறட்சி வந்து மரம் தளர்ந்துட்டா கேக்கவே வேணாம், 2018 வறட்சிக்கு அப்புறம் ஜெர்மனியில ஹார்ஸ் மலைப்பக்கம் மலைச்சரிவே சாம்பல் நிறமா நின்னதுக்குக் காரணம் வறட்சியும் வண்டும் சேந்த இந்தக் கூட்டணிதான். கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியாவை 1990கள்லேருந்து அடிச்ச மவுன்டன் பைன் பீட்டில்ங்கற பட்டை வண்டோட தாக்குதல் இன்னும் பெருசு, சுமார் 1.8 கோடி ஹெக்டேர் பாதிப்பு. அங்க துளையை ஆரம்பிக்கறது பெண்ணு. பனிக்காலத்துல மைனஸ் 40 டிகிரி வரைக்கும் குளிர் போனா புழு செத்துடும், அந்தக் குளிர் வராமப் போனதும் ஒரு காரணம்.

இப்ப அம்ப்ரோசியா பக்கம். இதுக்கு நம்ம பக்கத்து ஆளே இருக்கு, இலங்கை மலையகத்துலயும் தென்னிந்தியாவுலயும் தேயிலைச் செடிக் கிளையைத் துளைக்கற ஷாட் ஹோல் போரர். பெண்ணு கறுப்பா 2 மில்லிமீட்டர் சொச்சம். ஆண் அதைவிடச் சின்னது, பறக்கத் தெரியாது, பொறந்த சுரங்கத்துலயே ஆயுசு முடிஞ்சுடும். கிளை மேல பாத்தா ஊசி குத்தின அளவு ஓட்டை, அவ்வளவுதான், பட்டையை உரிச்சாலும் டிசைன் ஒண்ணும் கிடைக்காது, ஓட்டை நேரா கட்டைக்குள்ள போயிருக்கும். கிளையைப் பிளந்தாத்தான் விஷயம் தெரியும், சுரங்கச் சுவரெல்லாம் கறுத்துப் போய், அதுல பூஞ்சை படர்ந்து, நடுவுல வெள்ளைப் புழுங்க. அந்தப் புழுங்க மரத்தைத் தின்கறதில்ல, அம்மா வாய்ப்பக்கத்துல இருக்கற ஒரு சின்னப் பையில கொண்டு வந்து விதைச்ச ஃபுஸேரியம் பூஞ்சையைத்தான் தின்குது. மரம் அவங்களுக்கு வயல் மட்டும்தான்.

வெளிய வர்ற தூளை வச்சே ரெண்டையும் ஓரளவு பிரிச்சிடலாம். பட்டை வண்டோடது காப்பிப் பொடி நிறத்துல பழுப்பா இருக்கும், அம்ப்ரோசியாவோடது வெள்ளையா கட்டைத்தூள் நிறத்துல. சைலோசாண்ட்ரஸ் மாதிரி சில அம்ப்ரோசியா வண்டுங்க தூளை அழுத்தி அழுத்தித் தள்றதுல மரத்துலேருந்து சேமியா நீட்டிட்டு இருக்கற மாதிரி தெரியும்.

குடும்ப வாழ்க்கையிலயும் ஏகப்பட்ட வித்தியாசம். ஐப்ஸ்ல வெளி ஆளுங்கதான் ஜோடி. ஷாட் ஹோல் போரர்ல அண்ணன் தங்கச்சிக்குள்ளயே கலப்பு நடக்குது, கருவுறாத முட்டையிலேருந்து ஆணு வரும், ஒரே ஒரு பெண்ணு துணையே இல்லாம ஒரு கிளைக்கு வந்தாக்கூட ஆண் குஞ்சு பொரிச்சு அது வளந்ததும் அதோடயே சேந்து அடுத்த தலைமுறையைத் தொடங்கிடலாம். கேக்க ஒரு மாதிரி இருக்கும், ஆனா ஒரு பார்சல் கட்டைக்குள்ள ஒத்தை வண்டு போனாலே புது நாட்டுல குடியேறிடுங்கறதுக்கு இதுதான் காரணம். ஐப்ஸுக்கு அந்த வசதி இல்ல, அதுக்குக் கூட்டம் வேணும்.

ஆக களத்துல வேலை பண்றவங்களுக்கு இந்தப் பிரிவு ரொம்ப உபயோகம், நானும் இதுக்குத்தான் ஓட்டு போடுவேன். ஆனா இதை வம்சாவளின்னு நினைச்சா மாட்டிக்குவோம். பூஞ்சை வளக்கற பழக்கம் ஸ்கொலிட்டினேக்குள்ள தனித்தனியா பத்து தடவைக்குக் குறையாம உருவாகியிருக்கு, அம்ப்ரோசியா வண்டுங்கறது ஒரு சாதி கிடையாது, ஒரு தொழில்.

அப்ப வம்சாவளி என்ன சொல்லுது? இங்க ரெண்டு கட்சி. அமெரிக்காவுல ஸ்டீபன் வுட், வட, மத்திய அமெரிக்க வண்டுங்களைப் பத்தி 1982ல பெரிய புத்தகம் போட்டவரு, கடைசி வரைக்கும் இது ஸ்கொலிட்டிடேங்கற தனிக் குடும்பம்னே நின்னாரு. அவரு வாதம் சாதாரணமா தள்ளிட முடியாதது, கூன்வண்டுக்கு அடையாளமான நீட்டு மூக்கு இதுங்களுக்கு இல்ல, தலையோட அடிப்பக்க அமைப்பு வேற, கால்ல இருக்கற பல்லும் வேற. எதிர்க்கட்சியில க்ரோசன், குஷெல் மாதிரி வண்டு ஆராய்ச்சியாளருங்க, காலில்லாத வளைஞ்ச புழு, முழங்கை மாதிரி மடங்கற உணர்கொம்பு எல்லாம் கூன்வண்டோடதுதானே, மூக்கு போனது பழக்கத்தால வந்த மாற்றம்னு சொன்னாங்க. யோசிச்சுப் பாருங்க, மத்த கூன்வண்டு மூக்கால ஓட்டை போட்டு முட்டையை வச்சுட்டுப் போயிடும், பட்டை வண்டுப் பெண்ணு முழு உடம்போட உள்ள புகுந்து குடியிருக்கறா, நீட்டு மூக்கு இருந்தா சுரங்கத்துல இடிக்கும். டிஎன்ஏ வந்தப்புறம் ரெண்டாவது கட்சிதான் ஜெயிச்சிருக்கு, இவங்க கிளை கூன்வண்டு மரத்துக்கு உள்ளதான் வருது, வெளிய எடுத்துத் தனிக் குடும்பம் ஆக்கினா மிச்சம் இருக்கற கூன்வண்டுக் குடும்பம் ஓட்டையாயிடும். இருந்தாலும் பழைய பேரு லேசுல போகல, 2014ல டொனால்ட் பிரைட் போட்ட பட்டியலோட தலைப்புல கூட ஸ்கொலிட்டிடேதான்.

எனக்கு இதுல பிடிச்சது பிளாட்டிப்போடினேங்கற இன்னொரு வண்டுக் கூட்டத்தோட கதை. இவங்களும் பெரும்பாலும் பூஞ்சை வளக்கற ஆளுங்க, நீளமா உருளை உடம்பு, ரொம்ப வருஷமா ஸ்கொலிட்டினேவோட கூடப்பொறந்தவங்கன்னே வச்சிருந்தாங்க. இப்ப பல மரபணு ஆய்வுகள்ல இவங்க போய் நிக்கறது நம்ம வீட்டு அரிசி வண்டு, தென்னையைக் கொல்ற சிவப்புக் கூன்வண்டு பக்கத்துல. ஒரே தொழில் பாத்துப் பாத்து உடம்பு ஒண்ணாயிருக்கு.

இந்தப் பேரு சண்டையெல்லாம் மியூசியம் ஆளுங்க பொழுதுபோக்குன்னு நினைக்கறவங்களுக்கு அதே தேயிலை வண்டைக் காட்டலாம். 1868ல ஐக்காஃப்ங்கற வண்டு ஆராய்ச்சியாளர் இலங்கை வண்டை வச்சு ஃபார்னிகேட்டஸ்னு பேரு குடுத்தாரு. 2003ல கலிபோர்னியாவுல பாக்க அச்சு அசலா அதே மாதிரி ஒண்ணு கிடைச்சுது, தேயிலை வண்டுன்னே எழுதி வச்சாங்க. அப்புறம் பாத்தா அவகாடோவுலேருந்து தெருவோரச் சைகமோர் மரம் வரைக்கும் அடிக்குது, வளக்கற பூஞ்சையும் வேற, டிஎன்ஏ பாத்தப்புறம் ஒரே பேருக்குள்ள பல இனம் ஒளிஞ்சிருந்தது வெளிய வந்துச்சு. 2019ல ஐக்காஃப் பேரு வச்சப்ப பாத்த அந்தப் பழைய மூல வண்டையே எடுத்து அளந்து பாத்து, ஃபார்னிகேட்டஸ்ங்கற பேரு கலிபோர்னியாவை அடிச்ச அந்த இனத்துக்குத்தான் சேரும், தேயிலைக்காரன்னு சொல்லிட்டு இருந்தவன் பெர்பிரெவிஸ்னு முடிவாச்சு. அதாவது தேயிலைக்குன்னு எழுதின பழைய கட்டுரையில ஃபார்னிகேட்டஸ்னு இருந்தா அது இன்னிக்கு அந்தப் பேருல இருக்கற வண்டா இல்லாம இருக்கலாம். 2017ல தென்னாப்பிரிக்காவுல பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவுல கண்டுபிடிச்சது இந்தப் புது அர்த்தத்துல ஃபார்னிகேட்டஸ். கவர்ச்சி மருந்து, பூஞ்சை, எந்த மரத்தை அடிக்கும்னு பழைய கட்டுரையை நம்பி முடிவெடுத்தா தப்பான ஆளுக்கு வைத்தியம் பாத்த கதைதான்.

கடைசியா இந்த ரெண்டு பெட்டியிலயும் அடங்காத ஒருத்தன், காபி பெரி போரர், ஹைப்போதெனிமஸ் ஹாம்பெய். ஸ்கொலிட்டினேதான், ஆனா பட்டையும் தின்கறதில்ல, பூஞ்சைத் தோட்டமும் போடறதில்ல. காயோட தொப்புள் பக்கமா பெண்ணு துளைச்சு உள்ள போய் கொட்டையிலயே முட்டை வைக்குது, ஆயுசெல்லாம் காஃபீனைத் தின்னுட்டு வாழுது, வயித்துல இருக்கற பாக்டீரியா அந்த விஷத்தை உடைச்சுக் குடுக்குதுன்னு 2015ல கண்டுபிடிச்சாங்க. இந்தியாவுல முதல்ல தட்டுப்பட்டது 1990ல, நீலகிரி கூடலூர்ல. ஐப்ஸுக்கு வைக்கற கூட்டம் சேக்கற வாசனைப் பொறி இவனுக்கு வேலைக்காகாது, மெத்தனாலும் எத்தனாலும் கலந்து வச்சாத்தான் வருவான், அதுவும் பறக்கற பெண்ணு மட்டும்தான், ஆணுக்குப் பறக்க வராது. பொறியை விட முக்கியமானது அறுவடைக்கு அப்புறம் செடியிலயும் தரையிலயும் விட்டுப்போன காயை ஒண்ணு விடாமப் பொறுக்கறது, அடுத்த சீசன் வண்டு அதுக்குள்ளதான் உக்காந்திருக்கும்.