தரமணிக்குப் போவதா, தண்டையார்பேட்டையில் கூட்டுவதா?

வடசென்னையில் இருந்துகொண்டு சின்னதாக மென்பொருள் தொழில் நடத்துகிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஒரு கட்டத்தில் வரும். ஸ்டார்ட்அப் சந்திப்பு என்றாலே ஊரின் தெற்குப் பக்கம்தான். தரமணியில் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்கா, கொஞ்சம் தள்ளி டைடல் பார்க், இந்தப் பக்கம் கிண்டி, அப்புறம் ஓஎம்ஆர் நெடுக கோ-வொர்க்கிங் இடங்கள். டைடல் பார்க் 2000-ல் வந்ததிலிருந்து ஐடி என்றால் அந்தத் திசை என்று ஊருக்கே பழகிவிட்டது. நமக்கு வழி இரண்டு. அங்கே போய்வருவது, அல்லது இங்கேயே நாமே ஒரு சந்திப்பு நடத்துவது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, போவதைக் குறைத்துக்கொண்டு நடத்துவதில் இறங்கியவன் நான். ஆகவே இதில் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

என் தொழிலைச் சொல்லிவிட்டால் என் சாய்வு எங்கிருந்து வருகிறது என்று புரியும். டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கும் துறைமுகக் கிளியரிங் ஏஜென்ட்களுக்கும் டிரிப் கணக்கு, டீசல் அட்வான்ஸ், வராத பாக்கி இவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆப் ஒன்று செய்கிறோம். வாங்குகிறவர்கள் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மணலியிலும் மாதவரத்திலும் இருக்கிறார்கள். துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் கன்டெய்னர் வண்டி வரிசையில் நிற்கிற நேரத்தில் டிரைவருக்கு எவ்வளவு பேட்டா என்பதுதான் அவர்கள் பிரச்சினை. இதை நீங்கள் தரமணியில் சொன்னால் தலையாட்டிவிட்டு, "மார்க்கெட் சைஸ் எவ்வளவு?" என்று கேட்பார்கள்.

போய்வருவதில் உள்ள நன்மைகளை நீட்டி முழக்கத் தேவையில்லை. செலவு குறைவு, பெரும்பாலும் இலவசம். முதலீட்டாளர்களைக் கண்ணால் பார்க்கலாம். மற்றவர்கள் தங்கள் தொழிலை மூன்று நிமிடத்தில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கற்றுக்கொள்ளலாம். வேலைக்கு ஆள் தேடுகிறவர்களுக்கும் அதுதான் இடம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதியது இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது: வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட லேசாகத் தெரிந்தவர்கள் வழியாகத்தான் அதிகம் வந்து சேர்ந்தது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பதே காரணம். அந்தக் கணக்கில் பார்த்தால், அறிமுகமே இல்லாத கூட்டத்துக்குள் போய் நிற்பது வீண் வேலை இல்லை. தொழில் தொடங்கிய முதல் வருடம் யார் கேட்டாலும் போங்கள் என்றுதான் சொல்வேன்.

போக்குவரத்தும் முன்புபோல் இல்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு தண்டையார்பேட்டையில் ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். தரமணி என்றால் பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில். திரும்பி வருவதுதான் சிக்கல். இந்தக் கூட்டங்களில் மேடைப் பேச்சு முடிந்து, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் உருப்படியான பேச்சு ஆரம்பிக்கும். அந்த நேரத்தில்தான் வடக்கே போகிறவன் மணியைப் பார்க்க ஆரம்பிப்பான்.

சரி, தூரத்தை வைத்து நான் முடிவெடுக்கவில்லை. அடுத்த நாளை வைத்து எடுத்தேன்.

ஒரு சந்திப்புக்குப் போய் பத்து பேரிடம் பேசி நம்பர் வாங்கி வருகிறீர்கள். மறுநாள் என்ன செய்வீர்கள்? "நேற்று சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று ஒரு வாட்ஸ்அப். அவரும் ஒரு கைகூப்பும் பொம்மை அனுப்புவார். அதோடு சரி. இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட வேண்டும் என்றால் ஒரு சாக்கு வேண்டும். சாக்கு இல்லாமல் கூப்பிட்டால் விற்க வந்துவிட்டான் என்று எதிராளிக்குப் புரிந்துவிடும், உண்மையும் அதுதான். அதனால் கூப்பிடவே மாட்டோம். நம்பர்கள் போனில் தூங்கும்.

நடத்துகிறவனுக்கு அந்தச் சாக்கு மாதா மாதம் தானாக வந்து நிற்கிறது. சந்திப்புக்கு முன்னால் கூப்பிடலாம், "அண்ணே, ஞாயித்துக்கிழமை வர்றீங்கல்ல?" வராதவரையும் கூப்பிடலாம், "என்னண்ணே, போன வாரம் ஆளையே காணோம்?" இதில் எதுவும் விற்பனை மாதிரி இருக்காது. ஆனால் பேச்சு எங்கே போகும் என்று பாருங்கள். டிரெய்லர் வைத்திருக்கும் ஒருவர் எனக்குச் சொன்ன பதில் இது: "வரேம்பா. அது கிடக்கட்டும், உன் ஆப்ல ஃபாஸ்டேக் கணக்கு வண்டி வாரியா தனியா காட்டுமா?" நான் கேட்கவே இல்லை. அவராகவே ஆரம்பித்தார். அந்த வசதி அப்போது எங்களிடம் இல்லை, இப்போது இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நடத்துகிறவன் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம், முன்பின் தெரியாதவரையும்கூட. ஒரு கன்டெய்னர் யார்டின் மேலாளரிடம் போய் "என் ஆப்பைப் பாருங்கள்" என்றால் வாசலோடு அனுப்புவார்கள். "எங்கள் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசுங்கள், யார்டில் வண்டி ஏன் தேங்குகிறது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்" என்றால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார். தன் வேலையைப் பற்றிப் பேசச் சொல்லி அவரை அதுவரை யாரும் மேடைக்கு அழைத்திருக்க மாட்டார்கள். நிறுவனர்கள் மட்டுமே வட்டமாக நின்று ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொள்ளும் கூட்டத்துக்கும், பாதிப் பேர் வாடிக்கையாளர்களாக இருக்கும் கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. யார் யார் எதிரெதிரே உட்கார வேண்டும் என்பதை நடத்துகிறவன்தான் முடிவு செய்கிறான்.

ஆனால் இந்தச் சாக்கு இலவசமாகக் கிடைப்பதில்லை. கூட்டம் இரண்டு மணி நேரம். அதைச் சாகாமல் வைத்திருப்பது மாதம் முழுக்க நடக்கும் வேலை. யார் வந்தார், யார் யாரோடு பேசினார், யாருக்கு என்ன தேவை என்று அன்று இரவே எழுதி வைக்க வேண்டும். திங்கட்கிழமை இரண்டு பேரையாவது ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி விட வேண்டும். வியாழன், வெள்ளியில் ஆளாளுக்குப் போன். குழுவில் செய்தி போட்டால் போதாதா என்றால், போதாது. ஆரம்பத்தில் எல்லோரும் எழுதும் வாட்ஸ்அப் குழு கொஞ்ச நாளில் காலை வணக்கப் படங்களும் இன்சூரன்ஸ் விளம்பரமுமாக ஆகிவிடும். தனித்தனியாகக் கூப்பிட்டவர்கள்தான் வருகிறார்கள். இந்த வேலை உங்களுக்குப் பிடிக்காது என்றால் நடத்துவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பேசாமல் தரமணிக்கு ரயில் ஏறுங்கள்.

தேதியை மாற்றாமல் இருப்பது பாதி உயிரைக் காப்பாற்றும். சென்னை லினக்ஸ் பயனர் குழு பல வருடங்களாக இரண்டாவது சனிக்கிழமை என்று ஒரே வழக்கத்தை வைத்திருக்கிறது. சனிக்கிழமை வந்தால் கால் தானாக அங்கே போகும். நான் மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணி என்று வைத்துக்கொண்டேன். இந்தத் தேதிக்குக் காரணம் உண்டு. ஞாயிறு பாரிமுனை மொத்த வியாபாரம் மூடியிருக்கும். மாதா மாதம் ஜிஎஸ்டி விவரம் தாக்கல் செய்கிறவர்கள் 11-ஆம் தேதிக்குள்ளும் 20-ஆம் தேதிக்குள்ளும் போட்டாக வேண்டும் என்பதால் அந்த வாரங்களில் வியாபாரியோ கணக்கரோ தலை நிமிர மாட்டார்கள். மாலையில் வைத்தால் பெண்கள் வருவது குறைகிறது. காலை என்றதும் கூடியது. எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர்கள் மட்டும் இந்தத் தேதிக்கு ஒத்துவரவே மாட்டார்கள், அவர்களுக்கு ஞாயிறுதான் வியாபாரமே. நவம்பரில் நான் கூட்டுவதில்லை. மழை பிடித்து கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் வியாசர்பாடிக்காரர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். தீபாவளி, ஆயுத பூஜை வாரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இடம் கிடைப்பது இங்கே கொஞ்சம் கஷ்டம்தான். தெற்கே மாதிரி புரொஜெக்டரும் மைக்கும் மாட்டித் தயாராக இருக்கும் அறைகள் குறைவு. கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகம், மேசை போட்டு வேலை பார்க்கவும் நான்கைந்து பேர் உட்கார்ந்து பேசவும் நல்ல இடம்; முப்பது பேர் கூடி இரைச்சலாகப் பேச அதைப் பயன்படுத்துவது, அங்கே படிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நியாயமில்லை. எங்களுக்குக் கைகொடுத்தது சைவ ஹோட்டல்களின் மாடி ஹால். தலைக்கு இத்தனை டிபன் என்று பேசிவிட்டால் வாடகை கேட்க மாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் மினி ஹால்காரர்களே இறங்கி வருவார்கள், அப்போது பெரிய கூட்டம் போட்டுக்கொள்ளலாம். ஒருமுறை முன்பணம் வாங்கிக்கொண்டு அதே நேரத்தை வளைகாப்புக்கும் கொடுத்துவிட்ட ஹால் ஒன்றும் உண்டு. பெயர் வேண்டாம். அன்று மொட்டை மாடியில் நடந்த கூட்டம் மோசமில்லை.

வருகிறவர்களிடம் 100 ரூபாய் முன்கூட்டியே ஜிபேயில் வாங்கிவிடுகிறேன். இலவசம் என்றால் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வருவதில்லை, அது தெற்கிலும் அப்படித்தான். 100 ரூபாய் கட்டியவர் பொங்கல் வடைக்காவது வந்துவிடுகிறார். துண்டு விழும் பணத்தை நான்தான் போடுகிறேன். மாதம் ஒருமுறை ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க மதுரவாயலோ செங்குன்றமோ போய்வரும் செலவைவிட அது அதிகமில்லை.

எனக்குத் தெரியாத பகுதியையும் சொல்லிவிட வேண்டும். நான் வெளி முதலீடு வாங்கியவன் இல்லை. முதலீடு தேடுகிறவருக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். பணம் வைத்திருப்பவர் முதல் ஞாயிறு காலையில் தண்டையார்பேட்டைக்கு வருவார் என்று நான் நம்பவில்லை, இதுவரை வந்ததும் இல்லை. அதேபோல் உங்கள் வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருக்கிறார் என்றால் இங்கே கூட்டுவதில் என்ன பயன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நாற்பது பேருக்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதும் நான் பார்க்காத விஷயம். போக வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, யாரும் அதிகம் கவனிப்பதில்லை. தெற்கே நடக்கும் கூட்டங்களில் ஏற்பாட்டாளரிடம் முன்பே பேசி, வாசலில் பெயர் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்துவிடுங்கள். உள்ளே வரும் ஒவ்வொருவரும் உங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் போக முடியாது. மேடையேறியவரைவிட அதிகம் பேருக்கு உங்கள் முகம் தெரிந்துவிடும். சொந்தமாக நடத்தும் எண்ணம் இருந்தால் அதற்குப் பயிற்சியும் ஆயிற்று. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

ஸ்பான்சர் விஷயம் பாக்கி இருக்கிறது. கூட்டம் நாலு மாதம் நிலைத்து நடந்தால் யாராவது கேட்டு வருவார்கள்: கிளவுட் விற்கிறவர், கடன் கொடுக்கிறவர், கணக்கு மென்பொருள்காரர். டிபன் செலவு முழுக்க நாங்கள் ஏற்கிறோம் என்பார்கள். பதிலுக்குக் கேட்பது வந்தவர்களின் போன் நம்பர் பட்டியல். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு காரியத்துக்காகச் சம்மதத்தோடு வாங்கிய விவரத்தை வேறு காரியத்துக்குக் கொடுப்பதைப் பிரச்சினையாக்கும் என்பது ஒருபுறம். என் கவலை அதைவிடச் சின்னது. அந்த நம்பர்களுக்குக் கடன் வேண்டுமா என்று மூன்று கால் போனால் போதும், அடுத்த வியாழக்கிழமை நான் கூப்பிடும்போது யாரும் எடுக்க மாட்டார்கள். ஸ்பான்சர் செய்ய வருகிறவர்கள் கூட்டத்தில் நேரில் வந்து பத்து நிமிடம் பேசட்டும், வேண்டியவர் தானே நம்பர் கொடுக்கட்டும் என்று சொல்லிவிடுகிறேன். ஒருவர் அதற்கும் ஒத்துக்கொண்டு வந்தார். டீ செலவு அந்த மாதம் அவருடையது.