850 ரூபாய் ஸ்லைடு கிட்டும் ஓசூர் லேத் பட்டறை ராடும்

கிடாரை மடியில் படுக்கப்போட்டு, மேலே ராடு என்கிற இரும்புத் துண்டை நகர்த்தி ராகம் வாசிக்கணும் என்கிற ஆசை இந்துஸ்தானி கிடார் கலைஞர் பிரிஜ் பூஷன் காப்ராவால் வந்தது. 1967-ல் சிவ்குமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு இவர் கிடாரும் சேர்ந்து வந்த இசைத்தட்டை அப்பா கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். சின்ன வயதில் அது கிடார் என்றே எனக்குத் தெரியாது, ஏதோ வடநாட்டு வீணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விஸ்வ மோகன் பட் வாசிக்கும் மோகன வீணை மாதிரி, அடியில் 12 தரப் கம்பிகள் தானாக அதிர்கிற வாத்தியம் வாங்க நம்மிடம் பணம் இல்லை. வீட்டில் இருக்கிற பழைய கிடாரையே மாற்றிக்கொள்ளலாம் என்று ஆன்லைனில் 850 ரூபாய்க்கு ஒரு ஸ்லைடு கிட் வாங்கினேன். கிருஷ்ணகிரிக்கு நாலு நாளில் வந்துவிட்டது, அதில் குறையில்லை.

உள்ளே மூன்று சாமான். முதலாவது நட் ரெய்சர். கிடார் கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் ஏறி உட்காருமே ஒரு வெள்ளைப் பட்டை, அதன் மேல் தொப்பி மாதிரி கவிழ்க்கிற உலோகத் துண்டு. கம்பிகளைத் தளர்த்தி இதைச் சொருகி மறுபடி முறுக்கினால் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற ஃப்ரெட் என்கிற உலோகக் கட்டுகளைக் கம்பி தொடாத உயரத்துக்குப் போய்விடும். ஆணி வேண்டாம், பசை வேண்டாம், கழற்றினால் பழைய கிடார். கிட்டில் காசு கொடுக்கத் தகுந்த பொருள் இது ஒன்றுதான். அதிலும் ஒரு பள்ளத்தை மட்டும் ஆழமாக வெட்டியிருந்தார்கள், அந்தக் கம்பி தாழ்ந்து நின்று ராடு படாமல் கரகரவென்று இரைந்தது. மற்ற ஐந்து பள்ளங்களையும் ஊசி அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதோடு போச்சு.

இரண்டாவது, கம்பியை மீட்ட விரலில் மாட்டிக்கொள்கிற நகங்கள். பிளாஸ்டிக் கட்டைவிரல் நகம் ரொம்ப இறுக்கம், சுடுதண்ணீரில் போட்டு விரித்தால் சரியாகும்.

மூன்றாவது, ராடு. இங்கேதான் ஏமாற்று வேலை. படத்தில் கெட்டி இரும்பு மாதிரி பளபளத்தது, வந்தது உள்ளே ஓட்டையான குழாய், எடைபோட்டால் 60 கிராம்கூட இல்லை. இந்த வாசிப்பில் எடைதான் எல்லாம். கனமான ராடு தன் பாரத்திலேயே கம்பியில் உட்காரும், நாம் நகர்த்தினால் போதும். லேசான ராடு என்றால் நாதம் உடனே செத்துவிடுகிறது, கடகடவென்று அடிக்கிறது, சரி அழுத்தலாம் என்று அழுத்தினால் கம்பி இழுபட்டு சுருதி மேலே ஏறிவிடுகிறது. இரண்டு வாரம் என் காதைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் குரோம் பூச்சு உரிய ஆரம்பித்தது. கடைக்காரருக்கு எழுதினேன், "வாத்தியம் பழகப் பழக சரியாகும் சார்" என்று பதில் வந்தது. உரிந்த குரோம் எப்படிப் பழகும் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

அப்புறம்தான் தோன்றியது, நம்ம மாவட்டத்தில் இருந்துகொண்டு இரும்பு ராடுக்கு ஏன் ஆன்லைனில் அலைகிறோம்? ஐம்பது கிலோமீட்டரில் ஓசூர், தெருவுக்குத் தெரு லேத். ஒரு சின்னப் பட்டறையில் போய்ப் படம் வரைந்து காட்டினேன்: எஸ்.எஸ். 304 என்கிற துருப்பிடிக்காத எஃகு ராடு, 20 மில்லி விட்டம், 75 மில்லி நீளம், ஒரு முனை துப்பாக்கிக் குண்டு மாதிரி உருண்டையாக, மறு முனையில் கட்டைவிரல் பதிய சின்னப் பள்ளம். பட்டறை அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த வண்டிப் பின்னுங்க இது?" என்றார். பாட்டு வாசிக்க என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆனால் வெர்னியர் வைத்து அளந்து சொன்ன அளவில் முடித்துக் கொடுத்துவிட்டார். எடை 180 கிராம். மெட்டீரியலும் கூலியும் சேர்த்து 350.

முதல் தடவை சரியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கு வழவழவென்று இருந்தாலும் டூல் ஓடிய கோடுகள் மேலே இருந்தன, தடித்த கம்பிகளில் நகர்த்தினால் பலகையில் நகத்தால் கீறுகிற சத்தம். திரும்பப் போனேன், 100 ரூபாய் கூட வாங்கிக்கொண்டு எமரி தேய்த்து, பஃபிங் போட்டு, முகம் தெரிகிற மாதிரி கொடுத்தார். தப்பு என் பேரில்தான், முதலிலேயே மிரர் பாலிஷ் என்று சொல்லியிருக்கணும். நீங்கள் போனால் சொல்லிவிடுங்கள்.

இப்போது வாசிப்பு எப்படி? இரண்டு கட்டை சுருதி. கிட்டோடு வந்த தாளில் போட்டிருந்த ஓபன் டி டியூனிங்கில் (கம்பிகளைச் சும்மா மீட்டினாலே டி மேஜர் கார்டு வருகிற மாதிரி சுருதி சேர்ப்பது) மூன்றாவது கம்பி அந்தர காந்தாரத்தில் நிற்கிறது, மோகன ராகத்துக்குச் சரி, காந்தாரம் தாழ்ந்து வருகிற கரகரப்பிரியா எடுத்தால் கை தவறிப் பட்டாலே அபஸ்வரம். அந்தக் கம்பியைக் கழற்றியே விட்டேன், மிச்சமெல்லாம் ஸ ப ஸ ப ஸ. ராடை ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே வைக்கணும், சாதாரண கிடார் பழகியவர்களுக்கு விரல் ஃப்ரெட்டுக்குப் பின்னால்தான் போகும், அதை மறக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது. ராடுக்குப் பின்னால் மற்ற விரல்கள் கம்பியை லேசாகத் தொட்டுக்கொண்டே வரணும், இல்லாவிட்டால் தேவையில்லாத ஓசை கூடவே வரும். ஜாரு, அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது, தானாக வந்துவிடுகிறது, வராதது நிற்பதுதான். காந்தாரத்தில் போய் நின்றோம் என்று நினைத்தால் ஒரு மயிரிழை தாண்டியிருக்கும். தோடி ராகத்தின் பக்கம் இன்னும் போகவில்லை.

கோட்டு வாத்தியக்காரர்களுக்கு இதெல்லாம் பழைய கதை. ஃப்ரெட்டே இல்லாத 21 கம்பி வாத்தியத்தில் கருங்காலி உருளை வைத்து வாசித்தவர்கள், இப்போது டெஃப்ளான் உருளையும் வந்துவிட்டது. கருங்காலியிலும் ஒன்று செய்து பார்க்க ஆசைதான், ஆனால் ஊரே கழுத்தில் கருங்காலி மாலை போட்டுக்கொண்டு திரிகிற நேரத்தில் நல்ல கட்டைக்கு எங்கே போவது!

நட் ரெய்சரைத் தனியாக விற்கிறார்கள், அதை மட்டும் வாங்குங்கள். ராடுக்குப் படம் வரைந்துகொண்டு ஓசூர் பஸ் ஏறுங்கள். 22 மில்லியில் இன்னொன்று சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.