பதினான்கா, ஃபோர்டீனா?

எண்ணக் கற்கும் குழந்தைக்குத் தமிழ் எளிதா, ஆங்கிலமா? இருபது வரைக்கும் என் ஓட்டு தமிழுக்கே. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். பத்துப் புளியங்கொட்டையைக் குவித்து, பக்கத்தில் ஒன்றை வைத்துக் காட்டினால் சொல்லும் பொருளும் அப்படியே பொருந்தும். இலெவன், ட்வெல்வில் பத்தின் வாடையே இல்லை, மனப்பாடம்தான்.

அப்புறம் ஃபோர்டீன். நான்கை முதலில் சொல்லி, ஒன்றை முதலில் எழுத வேண்டும். பிள்ளை 41 என்று எழுதினால் திட்டாதீர்கள், காதில் விழுந்த வரிசையைத்தான் எழுதியிருக்கிறது. பதினான்கில் அந்தத் தொல்லை இல்லை.

தமிழ் காலை வாரிவிடுவது தொண்ணூறில். எழுபது, எண்பது என்று ஒழுங்காக வந்த பிள்ளைக்குத் திடீரென்று ‘நூறு’ கேட்டால் குழம்பாதா? அங்கே நைன்ட்டி தேவலை, நைன் அப்படியே இருக்கிறது.