செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது: பழைய பெட்ரோல் காருடன் என் அனுபவம்

2001-ஆம் ஆண்டுத் தயாரிப்பான நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்றை 2014-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கி, இன்று வரை திருச்சியில் ஓட்டி வருகிறேன். கார்புரேட்டர் காலம் முடிந்து, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இன்ஜெக்டர்கள் பெட்ரோல் பீய்ச்சத் தொடங்கிய தலைமுறையைச் சேர்ந்த வண்டி இது. மைலேஜிலும் ஏசியிலும் எனக்குக் குறையில்லை. என்னை உண்மையாகவே அலைக்கழித்தது ஒரே கோளாறுதான்: சாவியைத் திருப்பினால் செல்ஃப் தடையின்றிச் சுற்றும், ஆனால் இன்ஜின் பிடிக்காது. இது மூன்று முறை, மூன்று வெவ்வேறு காரணங்களால் நேர்ந்தது.

முதல் முறை 2017 மே மாதத்தில். மதுரைக்குப் போகும் வழியில் விராலிமலையில் தேநீர் குடிக்க நிறுத்தினேன். கால் மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் வண்டி பிடிக்கவில்லை. ஏறத்தாழ முக்கால் மணி நேரம் வெயிலில் நின்ற பிறகு, எதுவுமே நடக்காதது போல ஒரே சுற்றில் கிளம்பிவிட்டது. திரும்பி வந்து காட்டிய பட்டறையில், சூடாக இருந்த வண்டியில் மறுபடியும் அதே கோளாறு வந்தபோது, செல்ஃப் அடிக்கையில் பெட்ரோல் பம்ப் ஓடவில்லை என்று கண்டறிந்து பம்ப்பை மாற்றினார்கள். அவர்கள் கண்டது உண்மைதான். அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. இரண்டே வாரத்தில் வண்டி மீண்டும் நின்றது.

அப்போது பார்க்க வந்த வயதான ஒயரிங் எலக்ட்ரீஷியன், பானெட்டைக்கூடத் திறக்காமல், "தம்பி, பம்ப்பை விடுங்க. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க" என்றார். முள் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தது. இன்ஜின் சுற்றும்போது, அதன் முக்கியத் தண்டின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சார் அனுப்பும் மின்துடிப்பை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிறது, இன்ஜெக்டரைத் திறக்கிறது, பம்ப்பையும் தொடர்ந்து ஓடவிடுகிறது. அந்தத் துடிப்பு வராவிட்டால், சாவி போட்டதும் பம்ப் ஓடும் முதல் இரண்டு வினாடி ஓசையோடு எல்லாம் அடங்கிவிடும். கியர்பாக்ஸ் கூட்டின் மேல் பொருத்தப்பட்டிருந்த அந்தச் சென்சாரின் மீது அவர் நனைத்த துணி ஒன்றைச் சுற்றிவைத்தார். துணியிலிருந்து மெல்ல ஆவி எழுந்தது. சில நிமிடங்களில் வண்டி பிடித்துக்கொண்டது. மீட்டர் வைத்து அளந்தபோது, ஆறிய நிலையில் சில நூறு ஓம் காட்டிய சென்சார், சூடேறியதும் இணைப்பே இல்லாதது போலக் காட்டியது. உள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து, எங்கோ ஓரிடத்தில் விட்டுப் போகிறது என்று விளக்கினார். எல்லாக் கார்களிலும் செல்ஃப் அடிக்கும்போது முள் அசையும் என்று சொல்ல முடியாது; ஆனால் வழக்கமாக அசையும் வண்டியில் அசையாவிட்டால் அது பெரிய தடயம்.

வண்டி நிற்கும் அந்த நேரத்தில், அந்தச் சூட்டில் சோதித்தால்தான் இந்தக் கோளாறு பிடிபடும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஆறிய வண்டியில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் சரியாகிவிட்டது போலத் தோன்றும். செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இரண்டாம் முறை 2019 கோடையில், நாள் முழுவதும் வெயிலில் நிறுத்தியிருந்தபோது நேர்ந்தது. இம்முறை சாவி போட்டதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து கேட்க வேண்டிய முனகல் ஓசையே கேட்கவில்லை. பம்ப்புக்குக் கரண்ட்டைத் திறந்து மூடும் மின்சுவிட்சான பம்ப் ரிலேயை விரலால் இரண்டு தட்டு தட்டியதும் ஓசை வந்தது. அதைக் கழற்றி மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன்: அதன் இணைப்பு முனை ஒன்றைச் சுற்றியிருந்த ஈயப்பற்றில் தலைமுடி அளவுக்கு வட்டமாக ஒரு விரிசல். அதற்குப் புதுப்பற்று வைத்து, மாற்று ரிலேயாக டேஷ்போர்டு அறையில் வைத்துக்கொண்டு, புதியதைப் பொருத்தினேன்.

மூன்றாவது, 2020 ஊரடங்கில் இரண்டு மாதம் நின்றிருந்த பிறகு. செல்ஃப் சுற்றுவதாலேயே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. சுற்றும்போது மின்னழுத்தம் 9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதால் கம்ப்யூட்டர் சரிவர விழிக்கவே இல்லை. வேறொரு வண்டியிலிருந்து ஜம்பர் ஒயர் போட்டதும் கிளம்பிவிட்டது.

இப்போதெல்லாம் வண்டி பிடிக்காவிட்டால் தொடர்ந்து செல்ஃப் அடிப்பதில்லை. பத்து வினாடிக்கு மேல் அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடேறும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டருக்குப் போய் அதையும் கெடுக்கும். செல்ஃப் அடிக்காமல் சாவியை 'ஆன்' நிலையில் வைத்து, இன்ஜின் விளக்கு எரிகிறதா, திருட்டுத் தடுப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறதா, பம்ப் ஓசை கேட்கிறதா என்று பார்க்கிறேன். ஒரு பிளக்கைக் கழற்றினால் பாதி விடை அதிலேயே இருக்கும்: ஈரமாகப் பெட்ரோல் வாசனையோடு வந்தால் கரண்ட்டைத் தேட வேண்டும், காய்ந்து வந்தால் பெட்ரோல் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், என் கிராங்க் சென்சார் போல இரண்டுமே நின்றிருக்கவும் கூடும். பெட்ரோல் அதிகமாகித் தேங்கியிருந்தால், இத்தகைய வண்டிகள் பலவற்றில் ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்திக்கொண்டு செல்ஃப் அடித்தால் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும், சிலிண்டர் காயும். செல்ஃப் ஓசை வழக்கத்தைவிட வேகமாகவும் தடங்கலே இல்லாமலும் கேட்டால் மட்டும் உடனே நிறுத்திவிடுவேன். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதற்கு மேல் சுற்றினால் சில இன்ஜின்களில் வால்வுகள் வளைந்துவிடும்.

மாற்றிய கிராங்க் சென்சார் இன்று வரை தொல்லை தரவில்லை. கடையில் விலை குறைந்த ஒன்றும் இருந்தது. கம்பெனி பாகத்தையே வாங்கியதில் எனக்கு நிறைவு உண்டு. இப்போது மீதமிருப்பது ஒன்றுதான்: இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் சற்று நீண்ட நேரம் சுற்றிய பிறகே பிடிக்கிறது. சாவியை இரண்டு முறை போட்டு எடுத்து, பம்ப் ஓசை அடங்கிய பின் அடித்தால் உடனே பிடித்துக்கொள்கிறது. குழாயில் அழுத்தம் இறங்கிவிடுவதுதான் காரணமாக இருக்க வேண்டும். அடுத்த வாரம் அழுத்தமானி பொருத்தி, இரவு நிறுத்தியதிலிருந்து காலை வரை எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கப் போகிறேன். அதுவரை பம்ப்பைத் தொடுவதாக இல்லை.