ஜெபக் குறிப்பேடு: தருமபுரியில் வாங்கிய ஒரு நோட்டைப் பற்றி

தருமபுரியில் வேதாகமங்களும் வசன அட்டைகளும் விற்கும் ஒரு சிறு கடையில் கிடைக்கும் ஜெபக் குறிப்பேட்டைக் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான கடந்த லெந்து நாட்களிலிருந்து எங்கள் வீட்டில் பயன்படுத்தி வருகிறோம். கெட்டி அட்டை, நூல் தையல், மை ஊறாத தாள் என்று செய்நேர்த்தியில் குறை இல்லை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அதில் நன்றி, பாவ அறிக்கை, பிறருக்கான மன்றாட்டு, சொந்தத் தேவைகள் என நான்கு பகுதிகளை அச்சிட்டிருக்கிறார்கள். இத்தகைய நோட்டு நம்மை உண்மையாக ஜெபிக்க வைக்கிறதா, ஜெபித்துவிட்டோம் என்ற திருப்தியை மட்டும் தருகிறதா என்பதைத்தான் வாங்குகிறவர் பார்க்க வேண்டும்.

நன்றிப் பகுதியில் "இன்று நடந்ததை எழுதுக" என்று ஒரு குறிப்பு இருக்கிறது. சகல நன்மைகளுக்கும் ஸ்தோத்திரம் என்று பழக்கத்தால் நாவில் வரும் வரியை அங்கே எழுதினால் மீதிக் கோடுகள் வெறுமையாகக் கிடக்கும் என்பதால், அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. புளோரைடு கலந்த கிணற்று நீரைக் குடித்துப் பல்லில் கறை படிந்த தலைமுறையைச் சேர்ந்த என் மாமியார், 2013இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எங்கள் தெருக் குழாயில் வருவதற்காக நன்றி சொல்லி எழுதச் சொன்னார். அவர் அந்த ஒரு வரியைச் சொன்னபோது வீட்டில் எல்லோருக்கும் ஜெபிக்க மனம் வந்தது.

இந்த நோட்டின் மிகச் சிறந்த பகுதி, பாவ அறிக்கையின் அடியில் உள்ள கேள்வி: "இன்று யாரோடு ஒப்புரவாக (சமாதானமாக) வேண்டும்?" சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகும்படி மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதை இக்கேள்வி அன்றாடம் நம் முன் வைக்கிறது. மாந்தோப்புப் பங்கு பற்றிய மனத்தாங்கலை எழுதாமல் அப்பக்கத்தை நிரப்ப என் கணவருக்குக் கை வரவில்லை. எழுதிய பின் அண்ணனுக்குப் போன் செய்யாமல் இருக்கவும் முடியவில்லை. அறிக்கைக்கு இரண்டே கோடுகள் விட்டிருப்பதுதான் போதவில்லை.

மன்றாட்டுப் பகுதியில் ஒரு பெயருக்கு மட்டுமே இடம் இருப்பது நல்ல முடிவு. பாலக்கோட்டில் தக்காளி விலை சரிந்தால் பறிகூலிக்கும் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடும் குடும்பங்கள் எங்கள் சபையில் உண்டு. பெயர்ப் பட்டியலை வேகமாக வாசித்து முடிக்கிற இரவு ஜெபத்தில் அவர்களின் பாடு தென்படுவதே இல்லை; ஒரு வீட்டின் பெயரை எழுதி அதற்காக ஜெபித்தால், மறுநாள் அங்கே போய்ப் பார்க்கவும் மனம் ஏவுகிறது.

மாதக் கடைசியில் வரும் 'டிக்' அட்டவணையை மட்டும் நான் ஏற்கவில்லை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசிக்கிறேன் என்று தேவனுக்கு முன் கணக்குக் காட்டிய, வேத சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் பரிசேயனையும், மார்பில் அடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தில் இரக்கம் கேட்ட, வரி வசூலிக்கும் ஆயக்காரனையும் லூக்கா 18இல் படித்துவிட்டுப் பிள்ளைகளிடம் அந்தக் கட்டங்களை நீட்டுவது சரியல்ல. "பதில் கிடைத்த தேதி" என்ற பத்தியும் அப்படியே. கெத்செமனேயில் ஆண்டவர் மூன்று தரம் ஜெபித்தும் பாடுகளாகிய பாத்திரம் நீங்கவில்லை. அப்போஸ்தலனாகிய பவுல் மூன்று தரம் வேண்டியும், முள் என்று அவர் சொன்ன சரீர வேதனை எடுபடவில்லை, கிருபை போதும் என்ற சொல்லே கிடைத்தது. இவற்றை எந்தத் தேதியில் எழுதுவது? எங்கள் நோட்டில் அப்பத்தியின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டோம்.

காலையில் அரை மணி நேரம் ஒதுக்கும்படி முன்னுரை கேட்கிறது. விடியுமுன் ஓசூர் தொழிற்சாலைக்குப் பேருந்து ஏறுகிறவர்கள் இதைப் படித்துக் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். பாரசீக ராஜாவின் பானபாத்திரக்காரரான நெகேமியா, ராஜாவின் கேள்விக்கும் தன் பதிலுக்கும் இடையே கிடைத்த நொடியில் ஜெபித்தார், அது கேட்கப்பட்டது.

குடும்பத்துக்கு ஒன்று போதும் என்று கடையில் சொல்கிறார்கள். பிறர் கண்ணில் படும் என்று தெரிந்தால் பாவ அறிக்கை தானாகவே மழுங்கிவிடும் என்பதால், ஆளுக்கு ஒன்று வாங்குவதே நல்லது. சபையில் முழு அங்கத்தினராக ஆயத்தப்படும் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். முதியோருக்கு எழுத்து மிகச் சிறிது. அடுத்த பதிப்பில் எழுத்தைப் பெரிதாக்கி, அட்டவணைகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தை அறிக்கைப் பகுதிக்குக் கொடுக்கும்படி வெளியிடுவோரைக் கேட்டுக்கொள்கிறேன்.