கிராண்ட் கேன்யனில் அரைநாள்: சவுத் கைபாபா, பிரைட் ஏஞ்சலா?

ஏப்ரல் தொடக்கத்தில் பதினைந்து வயது மகனோடு அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில், தெற்கு விளிம்பில் இரண்டு நாள் தங்கினேன். ஆறு வரை போகிற ஆசையெல்லாம் இல்லை, அரைநாளில் இறங்கி ஏறினால் போதும். அதற்கு இரண்டு நடைபாதைகள்: சவுத் கைபாபில் சீடர் ரிட்ஜ் என்ற இடம் வரை, பிரைட் ஏஞ்சலில் முதல் ஓய்வுக்குடில் வரை. இரண்டுமே ஒருவழிக்கு 2.4 கிலோமீட்டர் தூரம், 340 மீட்டர் இறக்கம், கழிப்பறையும் உண்டு. கால்வலியில் வித்தியாசம் கிடையாது.

பிரைட் ஏஞ்சலில் நிழல் அதிகம், காரைப் பக்கத்திலேயே நிறுத்தலாம், குடிலில் குழாய் இருக்கிறது. சவுத் கைபாபில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. தொடங்குமிடத்துக்கே ஷட்டில் பேருந்தில்தான் போக வேண்டும். சரி, பிரைட் ஏஞ்சல்தான் என்று முடிவெடுக்க இருந்தேன்.

தண்ணீர்க் கணக்கு போட்டதும் மனம் மாறியது. குளிரில் உறைந்துவிடும் என்று அந்தக் குழாயை மூடிவிடுகிறார்கள். திறப்பது பெரும்பாலும் மே மாத வாக்கில். கோடையிலும் பெரிய குழாய் எங்காவது உடைந்தால் தண்ணீர் நின்றுவிடும். ஆக, ஏப்ரலில் எந்தப் பாதையானாலும் முழுத் தண்ணீரும் நம் முதுகில்தான். பிரைட் ஏஞ்சலின் பெரிய பலமே அங்கே போய்விட்டது. நிழலும் அப்படித்தான்: கோடையில் வரம், ஏப்ரலிலோ பனிக்கட்டியை உருகவிடாது. (கைபாபின் முதல் வளைவுகளிலும் பனி வழுக்கியது, அதையும் சொல்ல வேண்டும்.)

ஆளுக்கு மூன்று லிட்டரோடு காலையில் சவுத் கைபாபில் இறங்கினோம். வளைவுகள் முடிந்ததும் பாதை மலைமுதுகின் மேலேயே போகிறது; இருபுறமும் பள்ளத்தாக்கு திறந்து கிடக்கிறது. இந்தப் பாதை பிறந்ததே போட்டியில்தான். பிரைட் ஏஞ்சலில் அப்போது சுங்கம் வசூலித்தார்கள்; அந்தத் தகராறு தீராமல் பூங்காத் துறை 1924-25இல் இதைத் தனியாக வெட்டியது.

சீடர் ரிட்ஜில் மகன், "அப்பா, இன்னும் கொஞ்சம் இறங்கலாமே?" என்றான். அவன் பையைத் தூக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் காலி. "ஏறும்போது என்னடா குடிப்பே?" என்றதும் முகத்தைத் தூக்கிக்கொண்டான். இறங்க முக்கால் மணி, ஏற ஒன்றரை மணிக்கும் மேல். கடைசி வளைவில் என் பாட்டிலை வாங்கிக் குடித்தான்.

பிரைட் ஏஞ்சலில் மறுநாள் மாலை இரண்டாவது சுரங்கவழி வரைதான் போனோம், அதற்குக் கீழே எப்படி என்று அனுபவமில்லை. ஜூன், ஜூலையில் என்றால் கைபாபுக்கு அவனைக் கூட்டிப்போக மாட்டேன்.